நீதி கேட்டுக் கடல் கடந்த பெரியார்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களை அறியாதார் ஈழநாட்டில் இலர். மருதனார்மடத்தில் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியவர். திருநெல்வேலியிற் பரமேஸ்வராக் கல்லூரியைத் தந்தவர். கொழும்பிற் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கல்லால் எழுப்பியவர். இத்தகைய சைவப் பெரியார் பிற இனத்தவர்க்காக நீதி கேட்ட வரலாறும் வாலிபர் அறியத்தக்கது.

1851இற் கொழும்பிற் பிறந்த இவர் சட்டம் பயின்று நியாயவாதியானார். 1879இற் சட்டநிரூபண சபையில் அமர்ந்தார்; பின்னர் சொலிசிற்றர் ஜெனரலாகவும் கடமையாற்றினார். 1911இற் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகத் தெரிவானார்.

1915 மே மாத இறுதியிற் கண்டியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலகம் மூண்டது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் சேதமுற்றன. சில நாட்களிற் கலகம் அடங்கிற்று. ஆனால், யூன் 2இல் தேசாதிபதி சாமர்ஸ் பிறப்பித்த இராணுவச் சட்டம் ஆகஸ்ட் இறுதிவரை நீடித்தது. விசாரணையின்றியே பலர் சுடப்பட்டனர். டி. எஸ். சேனநாயக்கா முதலிய தலைவர்கள் சிறைப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்னும் 26 வயதுச் சிங்கள இளைஞன், இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி யூலை 7இற் சுட்டுக் கொல்லப்பட்டான். கலகம் ஓய்ந்து ஒரு மாதம் கழிந்தபின் நடந்த கொலை அது. அதிகாரிகள்மீது எவரும் வழக்குத் தொடராதபடி தனிக் கட்டளையும் பிறந்தது.

யாவரும் அஞ்சி வாயடைத்திருந்த காலத்தில் இராமநாதன் சபையில் எழுந்தார். அமைதி திரும்பிய பின்னர் இராணுவ நீதிமன்றம் எதற்கு என்று வாதாடினார். உலகப் போரினால் கடற்பயணம் ஆபத்தாயிருந்தும், 64 வயதில் இலண்டன் சென்று முறையிட்டார். 1916இல் அக்கொடுமைகளை நூலாகவும் வெளியிட்டார். சிங்கள மக்கள் அவரது வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்று வரவேற்றனர்.

எனினும் அவர் வேண்டிய முழு விசாரணையைப் பிரித்தானிய அரசு வழங்கவில்லை. தம் இழப்பை அவர் போதியளவு பேசவில்லை என்னும் மனக்குறையும் முஸ்லிம்களிடை இருந்தது. அதனையும் மறைத்தலாகாது. 1930இல் அவர் மறைந்தார். பேதிரிஸுக்கு இலங்கை அரசு மன்னிப்பு வழங்கியது 2024இலேதான். குற்றமற்றவனென நாடு நம்பிய ஒருவனுக்கு அது கிடைக்க 109 ஆண்டுகள் சென்றன.

கண்டாவளை வாலிபர்களே! உற்றார்க்காக வாதாடுதல் எவர்க்கும் எளிது. அயலானுக்கு அநீதி நேரும்போது எழுந்து நிற்பதே அறம். பலன் பிந்தினும் அக்குரல் வீணாவதில்லை.