ரூஸ்வெல்ட்டின் இரு ஆணைகள்

ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைப் பெருமந்தத்தை வென்ற தலைவராகவே பொருளியல் வகுப்புகளில் பல்லாண்டுகள் கற்பித்தவன் நான். அவர் வாழ்வின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டது பிழை என இப்போது உணர்கிறேன்.

1882-இல் நியூயார்க் மாநிலத்தில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 39-ஆம் வயதில் இளம்பிள்ளை வாதம் கால்களை முடக்கியபோதும் அரசியலைக் கைவிடாமல் அம்மாநில ஆளுநரானார். 1933 மார்ச்சில் அமெரிக்க அதிபராகப் பொறுப்பேற்றபோது, உழைப்பாளர் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை, வங்கிகள் நொடித்துக்கொண்டிருந்தன. இரண்டே நாள்களில் நாட்டின் வங்கிகள் அனைத்தையும் தற்காலிகமாக மூட ஆணையிட்டார். 1917-ஆம் ஆண்டின் போர்க்காலச் சட்டம் ஒன்றே அதற்கு ஆதாரம். முன்னொரு அதிபரின் காலத்தில், வேறொரு தேவைக்காக இயற்றப்பட்ட சட்டம் அது. வங்கிகள் மீண்டன, மக்கள் நன்றியோடு ஏற்றனர்.

1936-இல் 48 மாநிலங்களில் 46-ஐ வென்று மீண்டும் அதிபரானார். தம் திட்டங்கள் சிலவற்றைச் செல்லாது என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தில், நீதிபதிகளின் எண்ணிக்கையை 9-லிருந்து 15 வரை உயர்த்த 1937-இல் முயன்றார். செனட் சபையில் நான்கில் மூன்று பங்கு இடங்கள் அவர் கட்சியிடம் இருந்தன. ஆயினும், சொந்தக் கட்சியினரே எதிர்த்து நின்று அம்முயற்சியை முறியடித்தனர்.

1942 பிப்ரவரியில் அவர் மற்றோர் ஆணையில் கையொப்பமிட்டார். அதன் விளைவாக, ஜப்பானிய வழியினர் சுமார் 1,20,000 பேர் வீடும் தொழிலும் இழந்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. இம்முறை தடுப்பார் எவருமில்லை. ஆணையை மீறுவோரைத் தண்டிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பெரும்பாலும் அவரே நியமித்த நீதிபதிகளைக் கொண்டிருந்த உச்ச நீதிமன்றமும் 1944-இல் அதனை ஏற்றது.

நான்காம் முறையாகவும் வென்ற அவர், 1945 ஏப்ரல் 12 அன்று பதவியிலிருக்கும்போதே மறைந்தார். ஒருவர் இருமுறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்ற அரசியலமைப்புத் திருத்தம் 1951-இல் நடைமுறைக்கு வந்தது. முகாம்களில் அடைபட்டோரிடம் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்கவோ 1988 வரை ஆயிற்று.

வங்கிகளைக் காத்ததும் குடிமக்களைச் சிறைவைத்ததும் ஒரே கைதான். 1937-இல் அக்கையைப் பிடித்து நிறுத்தியவர்கள் 1942-இல் விலகி நின்றனர் என்பதே வேறுபாடு. நல்லவர் என்று நம்பி ஒருவருக்கு வழங்கும் அதிகாரம் அவரோடு மறைவதில்லை, பதவியிலேயே தங்கிவிடுகிறது. மீண்டும் வகுப்பறைக்குச் செல்ல வாய்த்தால், 1933-ஐக் கற்பிக்கும் அன்றே 1942-ஐயும் கற்பிப்பேன்.