மணி வைத்தியரின் பேரர்

சீனத்திலே மிங் மன்னர்கள் கோலோச்சிய காலம். தோளிலே மூட்டை, கையிலே மணி! தெருத்தெருவாக மணியை ஆட்டி, நோயாளிகளை அழைத்து, மருந்து விற்பவர் மணி வைத்தியர். ஊருக்கு அவர் தேவை. ஆனால், ஊர் தந்த மதிப்போ மிகமிகக் குறைவு. அத்தகைய ஒருவரின் பேரராக, யாங்சி ஆற்றங்கரையிலே 1518-ல் பிறந்தார் லீ ஷிசென்.

தந்தையும் வைத்தியரே. மகனாவது அதிகாரியாகட்டும், குடும்பம் தலைநிமிரட்டும் என்று விரும்பினார். பண்டை ஏடுகளை மனப்பாடம் செய்தோருக்கே பட்டம், பதவி, பல்லக்கு! மும்முறை மாகாணத் தேர்வு எழுதினார் லீ, மும்முறையும் தோற்றார். சீனம் ஓர் அதிகாரியை இழந்தது. ஓர் அறிஞரைப் பெற்றது!

மருந்தேடுகளைப் புரட்டினார். ஒரே மூலிகையை இரண்டென்று எழுதியிருந்தனர்; இரண்டை ஒன்றாக்கியிருந்தனர்; நஞ்சை மருந்து என்றிருந்தனர். முன்னோர் எழுத்து என்பதற்காக அவர் மண்டியிடவில்லை. 1552-ல் தொடங்கி 1578 வரை பாடுபட்டார். 800-க்கு மேற்பட்ட நூல்களைப் படித்தார். போதவில்லை! உழவரைக் கேட்டார், மீனவரைக் கேட்டார், விறகு வெட்டியைக் கேட்டார், வேடரைக் கேட்டார். அழுங்கு எறும்பு தின்னும் என்றது ஏடு. வயிற்றை அறுத்துப் பார்த்தார், உள்ளே படியளவு எறும்பு! ஊமத்தம்பூ கலந்த மது சிரிக்கவும் ஆடவும் வைக்கும் என்றனர். தாமே குடித்துச் சோதித்தார்.

பாதரச மருந்து உண்டால் சாவே இல்லை என்று இரசவாதிகள் அரண்மனையிலே கதையளந்த காலம் அது. சியாசிங் பேரரசன் நம்பினான், விழுங்கினான், 1567-ல் மாண்டான். சாகாவரம் என்பது பொய், பாதரசம் உண்டு மாண்டவர் எண்ணற்றோர் என்று எழுதிவைத்தார், மணி வைத்தியரின் பேரர்!

52 பாகங்கள், 1892 பொருள்கள், 11,000-க்கு மேற்பட்ட மருந்து முறைகள்! அதுதான் 'பென்சாவ் காங்மு'. அச்சேற்ற ஆளின்றி ஆண்டுகள் ஓடின. 1593-ல் லீ கண்மூடினார். 1596-ல் மகன் அந்நூலை அரசனிடம் சேர்ப்பித்தார். வாங்கி வைத்துக்கொண்டான் மன்னன்; அவ்வளவுதான்!

அரண்மனை உறங்கியது; அச்சகங்கள் உறங்கவில்லை. மீண்டும் மீண்டும் பதிப்பித்தனர். சப்பான் சென்றது, ஐரோப்பா சென்றது. 2011-ல் யுனெஸ்கோ அதனை உலக நினைவகப் பதிவேட்டிலே சேர்த்தது.

அந்நூலில் பிழையே இல்லையா, தோழர்களே? உண்டு, அக்கால மூடநம்பிக்கைகளும் உண்டு. அவற்றைக் களையும் வழியையும் அவரே காட்டினார்: ஏட்டைப் படி, உழைப்பவனைக் கேள், உன் கையால் சோதித்துப் பார்! பழையது என்பதற்காகக் கும்பிடவும் வேண்டாம். பழையது என்பதற்காகக் குப்பையிலே வீசவும் வேண்டாம்.