பாபி ஜோன்ஸும் ஹிக்கரித் தண்டும்

கோல்ப் ஆட்டத்தைப் பொழுதுபோக்காய்ப் பயிலும் இருவர் ஓரிடத்திற் சந்திப்பரேல், அவர்தம் உரையாடல் சிறிது நேரத்திற்குள் ஆட்டத்தை விட்டு மட்டைகளின்மேற் செல்லுதல் இயல்பு. அவற்றுள்ளும், தலைக்கும் கைப்பிடிக்கும் இடையே நிற்கும் தண்டு துவளுந் தன்மையதாய் இருத்தல் நன்றா, விறைப்பாய் இருத்தல் நன்றா என்னும் வினா, எத்துணை ஆண்டு வாதாடினும் தீராத வழக்காகவே இருந்துவருகின்றது. விற்போர் தண்டின்மேற் பொறித்த ஓர் எழுத்தைச் சுட்டிக்காட்டி, வாங்குவோரின் குறைகளுக்கெல்லாம் அதுவே மருந்தெனக் கூறுவர், வாங்குவோரும் நம்புவர். நாம் இவ்வழக்கை வெறுங் கணக்கினால் தீர்க்க முற்படாது, இவ்வாட்டத்திற் பெரும்புகழ் பெற்ற ஒருவருடைய வாழ்க்கையை முன்வைத்து நோக்குவோம். ராபர்ட் டயர் ஜோன்ஸ் என்பது அவர் பெயர். உலகத்தார் பாபி ஜோன்ஸ் என்று அன்புடன் அழைத்தனர். போட்டிகளில் ஆடிய நாள் முழுதும் பரிசுப் பணம் பெறாத அமெச்சூராகவே நின்றவர். இயந்திரப் பொறியியல் கற்றுப் பட்டம் பெற்றவர். மரத் தண்டுகளால் வென்று, பின்னர் எஃகுத் தண்டு மட்டைகளை வகுத்துத் தந்தவர். ஆதலின் இவ்வழக்கிற் சான்றாகக் கொள்ளுதற்கு இவரினும் தக்கார் இலர் என்பது நம் கருத்து.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பாலுள்ள ஜார்ஜியா மாகாணத்து அட்லாண்டா நகரில், 1902ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17ஆம் நாள் ஜோன்ஸ் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். பிள்ளையோ பிறந்தது முதல் நோயாளி. ஐந்து வயது வரையில் திட உணவு அதன் வயிற்றில் தங்கவில்லை. உடல் தேறும்பொருட்டுப் பெற்றோர் கோடைக்காலத்தில் நகருக்குப் புறம்பேயுள்ள ஈஸ்ட் லேக் என்னுமிடத்திற் குடியிருக்கலாயினர். அங்கே கோல்ப் மைதானம் வீட்டிற்கு அணித்தாயிருந்தது. ஒருவர் தம் பழைய மட்டையொன்றின் தண்டை வெட்டிக் குறுக்கிச் சிறுவன் கையிற் கொடுத்தார். தண்டைக் குறுக்கினால் அதன் விறைப்பு மிகும் என்பதைப் பொறியியல் மாணவர் அறிவர், அச்சிறுவன் அறிந்திலன், அறியாமையால் அவனுக்கு ஓர் இழப்பும் நேரவில்லை. அம்மைதானத்தின் பயிற்சியாளர் ஸ்காட்லாந்து நாட்டுக் கார்னூஸ்டி ஊரினரான ஸ்டூவர்ட் மெய்டன் என்பார். அவர் முறையாய் அமர்த்திப் பாடஞ் சொன்னாரல்லர். சிறுவன் அவர் பின்னே நடந்து, அவர் மட்டை வீசும் பாங்கினை நோக்கி நோக்கித் தன்னுடையதாக்கிக் கொண்டான்.

1916ஆம் ஆண்டில், பதினான்கே வயதில், மெரியன் மைதானத்தில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியிற் கலந்துகொண்டு, கால் இறுதிச் சுற்று வரை சென்றார். நாடு முழுதும் இப்பிள்ளையைப் பற்றியே பேச்சு. ஆயினும் அதன்பின் ஏழாண்டு ஒரு பெரும் பட்டமும் அவர்க்குக் கிட்டவில்லை. மட்டைகளுக்குக் குறைவில்லை, கை நயத்திற்கும் குறைவில்லை, குறை அவர் சினத்தில் இருந்தது. ஓர் அடி தவறினால் மட்டையை வீசியெறிவார். 1921இல் அங்ஙனம் எறிந்த மட்டை பார்த்து நின்ற ஒரு பெண்மணியின் காலிற் பட்டது. அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியின் மூன்றாஞ் சுற்றில், பதினோராங் குழியருகே மணற்பள்ளத்திற் சிக்கிப் பொறுமையிழந்து, பந்தை எடுத்துக்கொண்டு போட்டியினின்றும் விலகினார். அச்செயலுக்காக அவர் வாழ்நாள் முழுதும் வருந்தினார்.

இதனிடையே அவர் கல்வியைக் கைவிட்டாரல்லர். 1922இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியிற் பொறியியற் பட்டமும், பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பட்டமும் பெற்றார். அதன்பின் எமரி பல்கலைக்கழகத்திற் சட்டம் பயிலத் தொடங்கி, படிப்பு முடியுமுன்னரே வழக்கறிஞர் தேர்விலும் தேறினார். ஆண்டில் ஒரு சில திங்களே போட்டிகளில் ஆடுவார். எஞ்சிய நாள்களில் மட்டைப் பை மூலையிற் கிடக்கும்.

1923இல் காலம் மாறிற்று. அவ்வாண்டு, ஸ்டூவர்ட் மெய்டனின் உடன்பிறந்தார் ஒருவர், பந்தைக் குழிக்குள் உருட்டும் பழைய மட்டையொன்றை ஜோன்ஸுக்கு அளித்தார். அதன் பெயர் கலாமிட்டி ஜேன். விரிசல் கண்ட அதன் ஹிக்கரித் தண்டு மூன்றிடத்தில் நூலாற் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. கடையில் வைத்தால் எவரும் திரும்பிப் பாரார். அதனைக் கைக்கொண்டே நியூயார்க்கை அடுத்த இன்வுட் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை அவர் வென்றார்.

ஈண்டுத் தண்டைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அக்காலத்துத் தண்டுகள் ஹிக்கரி என்னும் அமெரிக்க மரத்தால் ஆயவை. அம்மரம் வளைவதோடு முறுக்கவுஞ் செய்யும். ஒருவர் பதற்றத்துடன் விரைந்து வீசுவாரேல், தலை பின்தங்கித் திறந்துகொள்ள, பந்து வலப்புறம் ஓடிவிடும். எனவே மரத்தண்டு கொண்டு ஆடுவோர் நிதானமாய்த் தொடங்கிச் சீராய் வேகங்கூட்டி வீசுதல் இன்றியமையாததாயிற்று. ஜோன்ஸினுடைய நீண்டு தவழும் வீச்சு இத்தண்டோடு பிறந்ததென்றே கூறலாம். மேலும், மரத்தில் ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஒரே தொழிற்சாலையின் ஒரே நீளமுள்ள இரு தண்டுகளும் கையில் வெவ்வேறாய்த் தோன்றும். ஆகவே அவர் பல ஆண்டு பல மட்டைகளை எடுத்து அசைத்துப் பார்த்துத் தம் கைக்கு இசைந்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாய்ச் சேர்த்தார். பிற்காலத்தில் அவற்றைக் கருவி கொண்டு ஆராய்ந்தபோது, ஒன்று நீங்க ஏனையவை தம்முள் ஒத்திருந்தன என்றும், அவ்வொன்று அவர்க்கு எந்நாளும் தொல்லை தந்த மாஷி நிப்ளிக் என்றும் ஒரு செய்தி கோல்ப் உலகில் வழங்குகின்றது. அவ்வாராய்ச்சி தண்டின் வளைவைவிட, வீசும்போது கையில் தோன்றும் கனத்தையே பெரிதும் பற்றியதாதல் வேண்டும். எங்ஙனமாயினும், கை அறிந்ததைக் கருவி பின்னரே அறிந்தது.

எஃகுத் தண்டுகளை அமெரிக்கக் கோல்ப் சங்கம் 1924இல் ஏற்றது; செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் 1929இல் ஏற்றது. எஃகு மிகுதியும் முறுக்காது; ஒரே அளவினவாய் ஆயிரக்கணக்கிற் செய்யலாம். அதன் பின்னரே வளைவைத் தரம் பிரித்து எழுத்திடும் வழக்கம் வளர்ந்தது. எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்னும் அவ்வெழுத்துகளுக்கு எல்லாத் தொழிற்சாலைகட்கும் பொதுவான அளவு யாதுமில்லை. ஒருவர் ஆர் என்பதை மற்றொருவர் எஸ் என்பர். எழுத்தை நம்பி விலை கொடுப்போர் இதனை அறிதல் நலம்.

தண்டு தன் வளைவினாற் பந்தைச் சுண்டியெறிகின்றது என்று பலர் கருதுவர். அஃது உண்மையன்று. தலையும் பந்தும் பொருந்தியிருக்கும் நேரம் ஒரு விநாடியின் ஈராயிரத்தில் ஒரு பங்கே. அதற்குள் தண்டு செய்யத்தக்கது யாதுமில்லை. அதற்குமுன் செய்வது உண்டு. வீச்சின் தொடக்கத்தில் தலை பின்னே தங்கும். பந்தை நெருங்குங்கால் தண்டு முன்னோக்கி வளைந்து தலையைச் சிறிது மேனோக்கச் செய்யும். துவளுந் தண்டு பந்தைச் சற்றே உயர எழுப்புவது இதனாலேயே. ஆனால் பொழுதுபோக்காய் ஆடுவோருடைய ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள வேறுபாடு, ஒரு தண்டிற்கும் மற்றொரு தண்டிற்கும் உள்ள வேறுபாட்டினும் பெரிது. பந்தைத் தலையின் நடுவிற் படும்படி அடியாதார்க்கு எழுத்தை மாற்றுவதால் ஆவது சிறிதே. இவ்வாறு கூறுவதால் தண்டு ஒரு பொருட்டன்று என்று நாம் கூறினோமல்லேம். மெலிந்த கையினர் ஒருவர் மிக விறைத்த தண்டை எடுப்பரேல், பந்து தாழ்ந்து வலப்புறஞ் செல்லும். கையில் உணர்ச்சியும் மரத்துப்போகும். பொருந்தாமை மிகுந்தவிடத்துத் தண்டு பேசும். ஏனையவிடத்துக் கையே பேசும்.

1925ஆம் ஆண்டு வுஸ்டர் நகரில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியின் முதற் சுற்றில், புல் அடர்ந்த இடத்தில் ஜோன்ஸ் மட்டையை ஊன்றியபோது பந்து சிறிது அசைந்தது. கண்டவர் அவர் ஒருவரே. நடுவர்கள் வினவிப் பார்த்து, வேறு சாட்சியின்மையால் முடிவை அவரிடமே விட்டனர். அவர் தமக்குத் தாமே ஓர் அடி தண்டமாக ஏற்றினார். போட்டியின் முடிவில் வில்லி மக்ஃபார்லேனுடன் சமனாய் நின்றார்; மறுநாள் ஆடிய முதற் பதினெட்டுக் குழிகளிலும் மீண்டும் சமன்; அடுத்த பதினெட்டில் ஓர் அடியால் தோற்றார். அவ்வொரு தண்ட அடி இல்லையேல் பட்டம் அவருடையதே. நான்கு ஆண்டுகட்கு முன் மட்டையை எறிந்தவரும் இவரே என்பதை எண்ணும்போது, நம் வழக்காராய்ச்சி சிறிது நேரம் மறந்துபோகின்றது.

1930இல் அவர் செய்தது யாவரும் அறிந்ததே. செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் அமெச்சூர், ஹாய்லேக்கில் பிரிட்டிஷ் ஓப்பன், இன்டர்லாக்கனில் அமெரிக்க ஓப்பன், செப்டம்பரில் மெரியனில் அமெரிக்க அமெச்சூர் ஆகிய நான்கையும் ஓராண்டிற்குள் வென்றார். கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. எஃகு இரு நாடுகளிலும் அனுமதி பெற்றிருந்த அவ்வாண்டில், அவர் பையிலிருந்த பதினாறு மட்டைகளும் ஹிக்கரித் தண்டினவே. பல ஆண்டு பழகிய கையை ஒரு பருவத்திற்காக மாற்றத் துணியாமை காரணமாகலாம் என நமக்குத் தோன்றுகின்றது. அடுத்த ஆண்டே பில்லி பர்க் எஃகுத் தண்டுகளால் அமெரிக்க ஓப்பனை வென்றார். சில ஆண்டுகளில் ஹிக்கரி மறைந்தது.

இருபத்தெட்டாம் வயதில், பதின்மூன்று பெரும்பட்டங்களோடு, ஜோன்ஸ் போட்டிகளினின்றும் ஓய்வு பெற்றார். ஆட்டத்தைக் கற்பிக்கும் திரைப்படங்களில் நடித்தார். ஸ்பால்டிங் நிறுவனத்தாரோடு சேர்ந்து எஃகுத் தண்டு மட்டைகளை வகுத்தார். 1932 முதல் அவை அவர் பெயரோடு விற்பனையாயின. எஃகின்மேல் மரம்போல் தோன்றும் மஞ்சள் நிறப் பூச்சு இருந்தது. மரத்தால் வென்றவர் எஃகை விற்றது முரணன்றோ எனச் சிலர் வினவலாம். ஒவ்வொன்றாய்த் தேடி எடுக்கும் பொறுமையும் கையுணர்வும் இல்லாத எளிய ஆட்டக்காரர்க்கு, ஒரே அளவில் ஒத்த மட்டைகளை ஒரு பையில் வாங்கும் வழியை அது திறந்தது. அதனை முரணென்று கருத நமக்கு மனம் வரவில்லை. அகஸ்டா நகரில் ஒரு பழைய மரக்கன்றுப் பண்ணையில் அலிஸ்டர் மக்கன்ஸியுடன் சேர்ந்து அவர் அமைத்த மைதானத்தில், 1934இல் முதற்போட்டி நடந்தது. மாஸ்டர்ஸ் என உலகம் இன்று போற்றுவது அதுவே.

1948இல் முதுகுத் தண்டைப் பற்றிய நோய் வெளிப்பட்டது. அவ்வாண்டிற்குப் பின் அவர் கோல்ப் ஆடவில்லை. முதலில் ஊன்றுகோல், பின்னர்ச் சக்கர நாற்காலி, இறுதியில் எழுதுகோலைப் பற்றவும் விரல்களில் வலியில்லை. மட்டையின் நுண்ணிய அசைவை உணர்ந்த அக்கைகள் அங்ஙனம் ஆயின. 1958இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தார் அவர்க்குத் தம் நகரின் உரிமையை வழங்கினர். அமெரிக்கருள் அவர்க்குமுன் அச்சிறப்பைப் பெற்றவர் பெஞ்சமின் பிராங்ளின் ஒருவரே. அவர் பந்தை எடுத்துக்கொண்டு வெளியேறிய மைதானமும் அவ்வூரதே. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் ஜோன்ஸ் அட்லாண்டாவில் உயிர் நீத்தார். செய்தி எட்டியபோது செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆடிக்கொண்டிருந்தோர் ஆட்டத்தை நிறுத்தினர். கொடி அரைக்கம்பத்திற்கு இறக்கப்பட்டது. அங்குள்ள பழைய மைதானத்தின் பத்தாங் குழி இன்று அவர் பெயரால் வழங்குகின்றது.