குதிரைமயிர்க் காளானை ஆராய்ந்த தோமஸ் பெட்ச்

பன்விலக்கு மேலே, நக்கிள்ஸ் மலைச்சாரலின் ஈரக்காட்டோரங்களில் உலவுவோர் கிளைக்குக் கிளை தாவித் தொங்கும் கரிய இழைகளைக் கண்டிருப்பர். முதற்பார்வைக்குக் குதிரையின் வால்மயிர் என்றே தோன்றும். உண்மையில் அது ஒரு காளானின் உடல். நல்ல மழைக்குப்பின் சில மில்லிமீற்றர் அகலமே உள்ள மடிப்புக்குடைகள் அவ்விழையிலேயே அரும்பும். குருவிகளோ இழையைக் கொண்டுபோய்க் கூடு கட்டும். 'மராஸ்மியஸ்' இனத்ததாகிய இதனைக் காணுந்தோறும் தோமஸ் பெட்ச் என்னும் ஆங்கில அறிஞரின் நினைவே எனக்கு எழுகின்றது.

1870ஆம் ஆண்டிற் பிறந்த பெட்ச் முதலில் பள்ளி ஆசிரியராயிருந்தவர். ஆசிரியத் தொழில் புரிவோர் இதனைச் சற்றுப் பெருமையுடன் கேட்கலாம். 1905இல் அரசாங்கக் காளானியல் அறிஞராகப் பேராதனைக்கு வந்தார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோயாற் கோப்பிப் பயிர் அழிந்த கதையைத் துரைமார் மறந்திருக்கவில்லை. தேயிலைக்கும் இறப்பருக்கும் அக்கதி நேராமற் காப்பதே அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது.

பேராதனையில் அவருக்கு ஒரு பழைய சிக்கல் காத்திருந்தது. துவைற்ஸ் என்பார் முன்னர் இங்கிருந்து உலர்த்தி அனுப்பிய காளான்களுக்கு, இலங்கையையே காணாத பேர்க்லியும் புரூமும் இங்கிலாந்தில் இருந்தபடியே பெயரிட்டிருந்தனர். உலர்ந்த காளானில் நிறமேது, வடிவமேது? ஒரே காளான் இளமையில் ஒரு பெயரும் முதுமையில் வேறொரு பெயரும் பெற்றது. பெட்ச் மழையில் நனைந்து, உயிருள்ளவற்றைத் தேடியெடுத்து, பழைய மாதிரிகளோடும் ஓவியங்களோடும் ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் திருத்தங்களை வெளியிட்டார். முன்னோரைக் குறைகூறினார் என்று இதனை யான் கொள்ளேன். அவர்கள் காணக் கிடைக்காததை இவர் கண்டார், அவ்வளவே.

கறையான் புற்றுக்களைத் தோண்டி, அங்கே கறையான் வளர்க்கும் காளானைப் பற்றி 1906இல் எழுதினார். 1915இல் குதிரைமயிர் நோய்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். நோய்கள் என்று பன்மையிற் கூறியமை கருதத்தக்கது: ஒன்றுபோலத் தோன்றும் கரிய இழைகள் யாவும் ஒரே காளானுக்கு உரியவையல்ல. குடை தோன்றும்வரை காத்திருந்தாலன்றி இவற்றைப் பிரித்தறிதல் அரிது. நிழலும் ஈரமும் மிக்க தேயிலை மலைகளில் இவ்விழை செடியைப் பின்னிக்கொள்ளும். அதனை முதலிற் காண்பவள் கொழுந்து பறிக்கும் பெண்ணே; ஆயினும் 1923இல் வெளிவந்த அவரது தேயிலை நோய் நூல் துரைமாருக்காக ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. இன்றும் அக்குறை முற்றாகத் தீர்ந்ததென்று சொல்வதற்கில்லை.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். 1928இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய பின்னரும், பூச்சிகளின் உடலில் வளரும் காளான்களை ஆராய்வதில் ஈடுபட்டார். 1948 டிசம்பரில் காலமானார். இலங்கைக் காளான்கள் அனைத்தையும் தொகுத்து பிஸ்பியுடன் இணைந்து அவர் ஆக்கிய நூல் 1950இலேயே அச்சேறிற்று. அவர் அதனைக் காணவில்லை.