கண்டி தந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா

கண்டி வாவியைச் சுற்றி நடப்போர் தலதா மாளிகையை அடுத்து, சரிந்த ஓட்டுக் கூரைகளுடன் அமைந்த கலை நிலையத்தைக் கண்டிருப்பர். மாலை வேளைகளில் அங்கு கண்டிய நடனம் காண வெளிநாட்டார் திரள்வதும் நாமறிந்ததே. 1982 தொடக்கம் 1984 வரையில் அதனை வடிவமைத்தவர் இந்நகரிலேயே பிறந்து இந்நகரிலேயே மறைந்த ஒரு பெண்மணி என்பது நம்மிற் பலருக்குத் தெரியாது. இலங்கையின் முதற் பெண் கட்டடக்கலைஞரான மினெட் டி சில்வா அவர்களே அவர்.

1918 பெப்ரவரி முதலாந் திகதி பிறந்த மினெட்டின் தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா, எளிய குடும்பத்திலிருந்து எழுந்து கண்டியில் வழக்கறிஞராகவும், அரசாங்க சபைக் காலத்தில் சுகாதார அமைச்சராகவும் விளங்கியவர். தாயார் அக்னஸ் நெல் பறங்கியர் சமூகத்தவர். பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளராகச் செயற்பட்டவர். டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளிக்கச் சென்ற அவ்வம்மையாரிடம், தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என வினவப்பட்டது. அவர்களும் பெண்களே, ஆகவே நிச்சயம் வேண்டும் என்ற கருத்தில் அவர் தயக்கமின்றி விடையளித்தார். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றோராக்கியதையும் சேர்த்து நோக்கினால், அந்தத் தாயின் விடையை மலையகத் தமிழர் நன்றியுடன் நினைவுகூரக் காரணம் உண்டு. மகளும் அந்த வீட்டிலேயே வளர்ந்தாள்.

அக்காலத்து இலங்கையில் கட்டடக்கலை பயில வழியில்லை. பெண்ணொருத்தி அதனை நாடியது வீட்டாருக்கே வியப்பாயிற்று. மினெட் பம்பாய் சென்று, இந்தியாவின் முதற் பெண் கட்டடக்கலைஞரான பெரின் மிஸ்திரியின் நிறுவனத்தில் பயிற்சி பெற்றார், பின்னர் ஜே. ஜே. கலைக்கல்லூரியிற் சேர்ந்தார். விடுதலைப் போராட்டத்தையொட்டிய கண்டனத்தில் பங்குகொண்டு, மன்னிப்புக் கோரி எழுத மறுத்தமையால் அங்கிருந்து விலக்கப்பட்டார். அதன் பின் அவருக்குப் பணியளித்தவர், ஹிட்லர் ஆட்சியினால் ஜேர்மனியை விட்டு வெளியேறி மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றிய யூதக் கட்டடக்கலைஞர் ஒட்டோ கேனிக்ஸ்பேர்கர்.

ஜேர்மனியின் பெருங் கணிதமேதையான எம்மி நோதரையும் அதே ஆட்சியே 1933 இல் கேட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கியது. அதற்கு முன்னரும் அவ்வம்மையார் பெண் என்ற காரணத்தினால் ஊதியமின்றி, ஹில்பேர்ட் என்ற பேராசிரியரின் பெயரிலேயே பல ஆண்டுகள் விரிவுரையாற்ற நேர்ந்தது. அறிவிற் சிறந்த நாடே அவ்வாறு நடந்துகொண்டபோது, கண்டி போன்றதொரு சிற்றூர் நம் மினெட்டை ஐயத்துடன் நோக்கியதில் வியப்பென்ன?

இலண்டனிற் கல்வியை நிறைவுசெய்த மினெட், 1948 இல் பிரித்தானிய வேத்தியல் கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் உறுப்பினரானார். அத்தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே. அதற்கு முந்திய ஆண்டில் பிரிட்ஜ்வோட்டரில் கூடிய நவீன கட்டடக்கலை மாநாட்டிற் பங்கேற்றார். லெ கொர்பூசியே அவருடைய நெடுநாள் நண்பரானார். இருவரிடையே கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. இந்நட்பைப் பற்றியே பலரும் மிகுதியாகப் பேசுகின்றனர். அவருடைய கட்டடங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பதே நம் குறை.

ஐரோப்பாவிலேயே தங்கியிருந்தால் வாழ்வு எளிதாயிருக்கும். ஆயினும் சுதந்திர இலங்கைக்கு அவர் திரும்பினார். 1949 இல் தொடங்கிய கருணாரத்ன இல்லம், கண்டியின் செங்குத்தான சரிவிலே மலையை வெட்டித் தட்டையாக்காமல், சரிவோடு இசைந்து பல மட்டங்களில் எழுந்தது. கொங்கிறீற்றும் கண்ணாடியும் அதிலுண்டு. தும்பறைப் பாய் நெசவும், சுட்ட களிமண் ஓடுகளும், ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியமும் அவற்றோடு உண்டு. அதே காலத்தில் பேராதனையில் எழுந்த பல்கலைக்கழகக் கட்டடங்கள் பழைய கண்டியத் தூண்களையும் கூரைகளையும் சீமெந்தில் வார்த்து அழகு சேர்த்தன. மினெட்டின் வழி வேறு. பழைய உருவத்தைப் போலச் செய்யாது, கிராமத்து நெசவாளரையும் அரக்கு வேலை செய்வோரையும் நவீன வீட்டுக்குள் அழைத்து வந்தார். நவீன பிரதேசக் கட்டடக்கலை என்று அவர் இதற்குப் பெயரிட்டு 1950களிலேயே எழுதினார். மேலைநாட்டு ஆய்வாளர் இதனையொத்த கருத்துக்கு 1980களிலேயே பெயர் சூட்டினர். அவர்களின் பெயர்களே பாடநூல்களில் நிலைத்தன.

எனினும் நம் மதிப்பீட்டில் அவருடைய தலைசிறந்த பணி வட்டபுலுவ வீடமைப்புத் திட்டமேயாகும். 1955 தொடக்கம் 1958 வரையில், மகாவலிக் கரையை அடுத்து அரசாங்க ஊழியருக்கென ஏறத்தாழ 250 வீடுகள் அமைக்கப்பட்டன. வரைபடத்தைத் தீட்டிவிட்டு மக்களை அதற்குள் குடியேற்றுவதே அன்றைய வழக்கம். இன்றும் பெரும்பாலும் அதுவே வழக்கம். மினெட்டோ குடிவரவிருந்தோரிடம் வினாக்கொத்துகளைக் கொடுத்து, அவர்களைச் சந்தித்து, சமையல், வழிபாடு, விருந்தினர், வருமானம் ஆகியவற்றையெல்லாம் கேட்டறிந்தார். வெவ்வேறு இன, மத மக்களின் பழக்கங்களுக்கேற்ப மாதிரிகளை அமைத்து, குடும்பங்களே மாற்றங் கோர இடமளித்தார். நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் நின்ற மரங்களையும் காத்தார். 1958 என்பது நாட்டில் இனக்கலவரம் வெடித்த ஆண்டு என்பதை நாம் மறத்தலாகாது. பல இனத்தவர் அயலவராக வாழ ஓரிடம் அதே ஆண்டில் நிறைவுற்றமை சிந்திக்கத்தக்கது.

பின்னாளில் நிலைமை மாறிற்று. ஆண் பங்காளி எவருமின்றித் தனித்து நடத்திய அலுவலகத்திற்குப் பணிகள் குறைந்தன. தாயார் மறைந்தது பேரிழப்பாயிற்று. 1957 இற்குப் பின் தொழிலுக்கு வந்த ஜெப்ரி பாவா உலகப் புகழெய்தினார். அவர் பெருங்கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வழியில் முதலடி வைத்தவரை நாடு மறந்தது நேர்மையன்று. 1973 இல் மினெட் கண்டி அலுவலகத்தை மூடி இலண்டன் சென்றார். 1975 தொடக்கம் 1979 வரை ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாற்றைக் கற்பித்தார். மீண்டும் கண்டிக்குத் திரும்பியபோது தகுதியான உதவியாளரைக் கண்டடைவதே அரிதாயிருந்தது.

1996 இல் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் தங்கப் பதக்கம் வழங்கிற்று. ஈராண்டுகளின் பின், வாவிக்கு மேலேயுள்ள சென் ஜோர்ஜஸ் எனும் தம் இல்லத்தில் தனித்து வாழ்ந்த அவர் விழுந்து காயமுற்று, சில நாட்கள் எவரும் அறியாது கிடந்து, 1998 நவம்பர் 24 ஆந் திகதி கண்டி வைத்தியசாலையில் வறியவராகக் காலமானார். அவ்வில்லம் பின்னர் கவனிப்பாரற்றுச் சிதைந்தது. பல்லாண்டுகளாகக் கடிதங்களையும் படங்களையும் ஒட்டிச் சேர்த்து அவர் தொகுத்த வாழ்க்கை நூலின் முதற் பாகம், அவர் கண்மூடிய பின்னரே அச்சாகி வெளிவந்தது.