பெயரைப் பறிகொடுத்த கார் மன்னன்

சொந்தப் பெயரைச் சொந்தக்காரரே போட்டுக்கொள்ளக் கூடாது. போட்டால் கேஸ்!

இப்படி ஒரு கதி உலகப் புகழ் பெற்ற ஒரு என்ஜினீயருக்கு வந்தது. அவர்தான் ‘பென்ட்லி’ காரை உருவாக்கிய டபிள்யூ.ஓ.பென்ட்லி.

1888-ல் லண்டனில் பிறந்தார். வீட்டில் 9 பிள்ளைகள். இவர் கடைக்குட்டி. சின்ன வயதில் ரெயில் என்ஜின் மேல்தான் பைத்தியம். 16 வயதில் டான்காஸ்டர் ரெயில்வே பட்டறையில் சேர்ந்து, 5 வருஷம் தொழில் படித்தார்.

1912-ல் அண்ணனும் இவரும் பிரெஞ்சு கார்களை வாங்கி விற்க ஆரம்பித்தார்கள். மறு வருஷம் பிரான்சில் அந்த கார் தொழிற்சாலைக்குப் போனபோது, மேஜை மேல் ஒரு அலுமினிய பேப்பர் வெயிட் இருந்தது. வேறு யாராவது என்றால் சும்மா பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். இவருக்கோ பிஸ்டனை இரும்புக்குப் பதில் அலுமினியத்தில் செய்தால் என்ன என்று தோன்றியது. செய்தார். எடை குறைந்தது, வேகம் கூடியது.

முதல் உலகப் போரில் அதே யோசனை விமானத்துக்குப் போனது. ‘கேமல்’ சண்டை விமானங்களில் இவருடைய என்ஜின் ஓடியது. அரசாங்கம் 8 ஆயிரம் பவுண்டு பரிசு கொடுத்தது.

நொறுங்கிய கார் ஜெயித்தது!

1919-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். பிரான்சில் லெமான் என்ற ஊரில் 24 மணி நேரம் விடாமல் ஓட்டும் பந்தயம் உண்டு. அதில் 1924-ல் ஒரு தடவை, பிறகு 1927 முதல் 1930 வரை வரிசையாக 4 தடவை பென்ட்லி கார் ஜெயித்தது.

1927 பந்தயம்தான் பெரிய கூத்து. ராத்திரியில் ஒரு வளைவில் 3 பென்ட்லி கார்களும் ஒன்றோடு ஒன்று மோதின. இரண்டு அங்கேயே காலி. மூன்றாவது கார், முன் அச்சு வளைந்து, ஒரு விளக்கும் உடைந்து, தட்டுத் தடுமாறி ஓடி முதலாவதாக வந்தது! லண்டன் சவாய் ஓட்டலில் விருந்து வைத்தபோது, அந்தக் காரையும் சாப்பாட்டு ஹாலுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பேர் இருந்தது, காசு இல்லை. 1926-ல் வைர வியாபாரி வீட்டு வாரிசு பர்னாட்டோ பணம் போட்டு சேர்மன் ஆனார். சும்மா பணக்காரர் இல்லை. 3 தடவை லெமானில் ஜெயித்தவரும் அவரே. ஆனால் உலகமே பணமுடையில் தவித்தபோது, 1930-ல் 8 லிட்டர் என்ஜினோடு பெரிய கார் வந்தது. வாங்க ஆள் ஏது? 100 கார்தான் செய்தார்கள். 1931-ல் பர்னாட்டோவும் கையை விரித்தார். கம்பெனி திவால்.

கவருக்குள் யார்?

நேப்பியர் என்ற கம்பெனி வாங்குவதாகப் பேச்சு. பென்ட்லியும் அங்கே போகத் தயாராக இருந்தார். கோர்ட்டில் கடைசி நேரத்தில் யாரும் கேள்விப்படாத ஒரு டிரஸ்ட் குறுக்கே வந்தது. மூடிய கவரில் விலை கேட்டார்கள். சுமார் 1 லட்சத்து 25 ஆயிரம் பவுண்டு கொடுத்து டிரஸ்ட் தட்டிக்கொண்டு போனது.

அந்த டிரஸ்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது ரோல்ஸ் ராய்ஸ்! பரம போட்டிக்காரர்.

கம்பெனியோடு பெயரும் போனது. பென்ட்லியும் அவர்களிடமே சம்பளக்காரர் ஆனார். புதுக் காரை வடிவமைக்கும் வேலை தரவில்லை. ஓட்டிப் பார்த்துச் சொல்லும் வேலைதான். 1935 வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, லகோண்டா கம்பெனிக்குப் போய்விட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே அவர் மேற்பார்வையில் புது என்ஜின் தயாரானது. காருக்கு லகோண்டா-பென்ட்லி என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். ரோல்ஸ் ராய்ஸ் கேஸ் போட்டுத் தடுத்துவிட்டது.

1947-ல் டிராக்டர் முதலாளி டேவிட் பிரவுன் லகோண்டாவை வாங்கினார். ஆஸ்டன் மார்ட்டினும் அவர் கையில்தான். 1950-ல் வந்த ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.2 காருக்குள் ஓடியது பென்ட்லியின் என்ஜின். மூடி மேல் இருந்தது வேறு பெயர்.

1971 ஆகஸ்டு 13-ந் தேதி, 82 வயதில் பென்ட்லி இறந்தார். பிள்ளைகள் இல்லை.

1998-ல் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன், ரோல்ஸ் ராய்ஸ் கார் தொழிற்சாலையையும் பென்ட்லி பெயரையும் வாங்கியது. ரோல்ஸ் ராய்ஸ் பெயர் மட்டும் பி.எம்.டபிள்யூ.வுக்குப் போய்விட்டது.