காத்திருந்த மிம்பர்: சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்)

பைத்துல் முகத்தஸ் என்றதும் நம் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி. அவரது வெற்றியைப் பெருமையோடு பேசும் நாம், அந்த வெற்றி எத்தனை ஆண்டு உழைப்பில் கிடைத்தது என்பதையும், வென்ற பிறகு அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

கி.பி. 1138 வாக்கில் இராக்கின் திக்ரீத் நகரில் ஒரு குர்து குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை நஜ்முத்தீன் அய்யூப். வளர்ந்தது பஃலபக்கிலும் டமாஸ்கஸிலும். அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1099-ல், சிலுவைப் படையினர் ஜெரூசலத்தைக் கைப்பற்றி, அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்திருந்தனர். அல்அக்ஸா பள்ளி அரண்மனையாகவும், பின்னர் டெம்ப்ளர் வீரர்களின் தலைமையிடமாகவும் மாற்றப்பட்டது.

சிரியாவை ஆண்ட சுல்தான் நூருத்தீன் ஸங்கி, அந்தப் பள்ளி மீட்கப்படும் நாளில் அங்கே வைப்பதற்கென்றே அலெப்போவில் ஓர் அழகிய மர மிம்பரைச் செய்யச் சொன்னார். 1168 வாக்கில் வேலை தொடங்கியது. ஆனால் அந்த நாளைக் காணாமலேயே 1174-ல் அவர் வஃபாத்தானார். மிம்பர் அலெப்போவிலேயே காத்திருந்தது.

நூருத்தீனின் தளபதியான தம் சிறிய தந்தை ஷிர்கூஹுடன் எகிப்துக்குச் சென்ற ஸலாஹுத்தீன், 1169-ல் அங்கே வஸீரானார். 1171-ல் ஃபாத்திமிய கிலாஃபத் முடிவுக்கு வந்தது. நூருத்தீனுக்குப் பின் 1174-ல் டமாஸ்கஸும், 1183-ல் அலெப்போவும் அவர் வசமாயின. 1186-ல் மோசுல் அவரது தலைமையை ஏற்றது. இந்த 12 ஆண்டுகளில் அவர் சிலுவைப் படையினரை எதிர்த்ததோடு, முஸ்லிம் ஆட்சியாளர்களோடும் பலமுறை மோத வேண்டியிருந்தது. இதைப் பதவி ஆசை என்று குறை சொன்னவர்களும் அன்று இருந்தார்கள். ஆனால் கெய்ரோவும் டமாஸ்கஸும் அலெப்போவும் தனித்தனியே நின்றவரை ஜெரூசலம் எட்டாக்கனியாகவே இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

கெரக் கோட்டையின் தலைவன் ரெனால்டு, உடன்படிக்கையை மீறி முஸ்லிம் வணிகக் கூட்டத்தைத் தாக்கியதும் போர் மூண்டது. 1187 ஜூலை 4 அன்று ஹித்தீனில், கடும் வெயிலில் தண்ணீருக்குத் தவித்த சிலுவைப் படை முற்றாகத் தோற்றது. சிறைப்பட்ட மன்னர் கை-க்குக் குளிர்ந்த நீர் கொடுக்கப்பட்டது. ரெனால்டுக்கும், டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் வீரர்களுக்கும் மரண தண்டனை கிடைத்தது.

அக்டோபர் 2, ஹிஜ்ரி 583 ரஜப் பிறை 27, வெள்ளிக்கிழமை. 88 ஆண்டுகளுக்குப் பிறகு ஜெரூசலம் மீட்கப்பட்டது. 1099-ன் இரத்தத்துக்குப் பழிவாங்கும் பலம் அவர் கையில் இருந்தது. ஆனாலும் நகர மக்கள் கொல்லப்படவில்லை. ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5 தீனார் என மீட்புத் தொகை கட்டி வெளியேற 40 நாள் அவகாசம் தரப்பட்டது. ஏழைகள் பல்லாயிரம் பேர் மொத்தத் தொகைக்கும், சிலர் தொகை ஏதுமின்றியும் விடுவிக்கப்பட்டனர். அப்படியும் பணம் கட்ட இயலாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாயினர். இதை மறைக்காமல் சொல்வதே நீதி. கிறிஸ்தவர்களின் புனிதக் கல்லறைத் தேவாலயத்தை இடித்துவிடலாம் என்று சிலர் சொன்ன யோசனையை சுல்தான் ஏற்கவில்லை. யூதர்களும் நகருக்குத் திரும்பிக் குடியேற முடிந்தது.

அடுத்த வெள்ளியன்று அல்அக்ஸாவில் ஜும்ஆ நடந்தது. நூருத்தீனின் மிம்பரை அலெப்போவிலிருந்து வரவழைத்து அங்கே நிறுவினார் ஸலாஹுத்தீன். தமக்கு முன் உழைத்தவரின் கனவைத் தம் பெயரில் எழுதிக்கொள்ளாத பண்பு அது.

1191-ல் அக்கா நகரை இழந்தார். அங்கே சரணடைந்த 2,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் கைதிகளை இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு கொன்றார். பின்பு சுல்தானும் சில கைதிகளைக் கொல்லச் செய்தார். ஆனாலும் சமாதானத்தின் கதவை அவர் அடைக்கவில்லை. 1192 செப்டம்பரில் செய்த உடன்படிக்கையின்படி ஜெரூசலம் முஸ்லிம்களிடமே இருந்தது. கிறிஸ்தவ யாத்ரீகர்களும் தடையின்றி வந்துபோனார்கள்.

ஹஜ் செய்ய விரும்பியும் அவருக்கு அது வாய்க்கவில்லை. ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர்களை வரவேற்கச் சென்று வந்த சில நாட்களில் நோயுற்று, 1193 மார்ச் 4 அன்று டமாஸ்கஸில் வஃபாத்தானார். எகிப்தையும் சிரியாவையும் ஆண்டவரின் கருவூலத்தில் எஞ்சியிருந்தது ஒரு பொற்காசும் 47 திர்ஹமும்தான். அடக்கச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

அந்த மிம்பர் 1969 ஆகஸ்ட் 21 அன்று ஆஸ்திரேலியர் ஒருவர் வைத்த தீயில் எரிந்துபோனது. அதே வடிவில் ஜோர்தானில் செய்யப்பட்ட புதிய மிம்பர் 2007-ல் அங்கே வைக்கப்பட்டது. மரம் எரியும், மீண்டும் செய்துவிடலாம். ஆனால் ஒற்றுமைக்காக 12 ஆண்டுகள் உழைக்கும் பொறுமையையும், பலம் கையில் இருக்கும்போது பழிவாங்காத மனத்தையும் நாம்தான் நம் பிள்ளைகளிடம் வளர்த்தெடுக்க வேண்டும்.